ரூபாய்க்கு நாலணா! மீதிப் பன்னிரண்டணா எங்கே?

ஓசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டடம் எழும்பிக் கொண்டிருக்கிறது. சிப்காட்டில் புதிய ஆலைக் கூடங்கள். சூளகிரியிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் தொடங்கிப் பெங்களூர் வரை அடுக்குமாடிகள். இவை வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. கொத்தனாரும் சித்தாளும், கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆளும் தங்கள் எலும்பைத் தேய்த்துக் கட்டியவை.

இந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றின் பேரிலும் ஒரு தொகை வசூலாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தொகை முதலாளிக்குச் சொந்தமல்ல, சர்க்காருக்கும் சொந்தமல்ல. கட்டியவனுக்குச் சொந்தம். அதைக் கட்டிக் காத்துக் கணக்குச் சொல்லவே வாரியம் உண்டு, இலாகா உண்டு, தணிக்கை உண்டு, சட்டசபை உண்டு. இத்தனை காவல் இருந்தும் உடையவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?

“நான் மில் தொழிலாளி, எனக்கு இதில் என்ன?” என்று ஒரு தோழர் கேட்கலாம். “நான் காட்டு வேலைக்குப் போகிறவன்” என்று இன்னொருவர் சொல்லலாம். மழை பொய்த்து ராகிக் காடு காய்ந்தால், அஞ்செட்டியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பஸ் ஏறும் விவசாயத் தொழிலாளி எங்கே போகிறார்? கலவைச் சட்டி தூக்கத்தான் போகிறார். ஆலையில் ஒப்பந்தம் முடிந்தது என்று வெளியே தள்ளப்படும் இளைஞன் மறுநாள் எங்கே நிற்கிறான்? மேஸ்திரி ஆள் பிடிக்கும் முச்சந்தியில்தான் நிற்கிறான். ஆளும் ஒருவர்தான், குடும்பமும் ஒன்றுதான். மாறுவது வேலையின் பெயர் மட்டுமே. ஆகவே இது நம் எல்லோருடைய பணத்தின் கதை.

பணம் எப்படி வருகிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென 1982இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர்கள் பல்லாண்டு இயக்கம் நடத்தினார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த இயக்கத்தின் தலைமையில் நின்றார். அதன் பலனாக 1996இல் இரண்டு மத்தியச் சட்டங்கள் பிறந்தன. ஒன்று வேலை நிலைமைகளையும் நல வாரியத்தையும் பற்றியது. மற்றது பணம் வசூலிப்பதைப் பற்றியது. அந்த வசூலுக்குத்தான் செஸ் என்று பெயர்.

கட்டடச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமல், 2 சதவீதத்துக்கு மேற்படாமல் செஸ் வசூலிக்கலாம் என்றது சட்டம். நடைமுறையில் 1 சதவீதம். நிலத்தின் விலை இந்தக் கணக்கில் சேராது. சர்க்கார் வேலை என்றால் காண்டிராக்டரின் பில்லிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். தனியார் கட்டடம் என்றால், வரைபடத்துக்கு அனுமதி கேட்கும்போதே உள்ளாட்சி அமைப்பு முன்பணமாக வாங்கலாம். வாங்கியதை 30 நாட்களுக்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

10 கோடி ரூபாயில் ஒரு ஆலைக் கூடம் கட்டினால் 10 லட்சம் ரூபாய் வாரியத்துக்கு வர வேண்டும். 100 கோடி என்றால் ஒரு கோடி. ஓசூர் வட்டாரத்தில் எழுந்த கூடங்களையும் மாடிகளையும் மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தூணுக்கடியிலும் நமது பங்கு புதைந்து கிடப்பது தெரியும்.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். செஸ் என்பது வரி, அதைப் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வாதாடினார்கள். 2011இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது. இது வரி அல்ல, கட்டணம் என்றது. இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. வரியை வாங்கினால் சர்க்கார் எதற்கு வேண்டுமானாலும் செலவிடும். கட்டணத்தை எதற்காக வாங்கினார்களோ அதற்கே செலவிட வேண்டும். அதாவது, தொழிலாளியின் நலனுக்கென்று வாங்கிய காசில் ஒரு செல்லாக்காசைக்கூட வேறு வழியில் திருப்ப யாருக்கும் உரிமையில்லை.

அடுத்து இன்னொரு தந்திரம் செய்தார்கள். “நாங்கள் கட்டுவது தொழிற்சாலை, தொழிற்சாலைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு, எனவே செஸ் கட்ட மாட்டோம்” என்றார்கள் மின் நிலையம் கட்டிய கம்பெனிக்காரர்கள். 2016இல் அதற்கும் அடி விழுந்தது. ஆலை கட்டி முடித்து இயங்கத் தொடங்கும் வரை அது தொழிற்சாலை அல்ல, கட்டட வேலைதான், செஸ் கட்டியே தீர வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. தொழிற்பேட்டைகள் நிறைந்த நமது மாவட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

பணம் எங்கே போனது?

இனிக் கணக்குக்கு வருவோம். 2018 மார்ச் 19 அன்று சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்புச் சொன்னது. கட்டடத் தொழிலாளர் இயக்கம் 2006இல் போட்ட வழக்கு அது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்த வழக்கு. அந்தத் தீர்ப்பில் ஏறிய கணக்கு இது: நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளருக்கென்று செலவானது சுமார் 9,500 கோடி. ஏறத்தாழ 28,000 கோடி ரூபாய் செலவாகவே இல்லை!

கூட்டிக் கழித்தால் ரூபாய்க்கு நாலணா. பன்னிரண்டணா பெட்டிக்குள்.

அந்த நாலணாவாவது ஒழுங்காகப் போனதா? சலவை இயந்திரமும் மடிக்கணினியும் வாங்கினோம் என்று கணக்கு எழுதிய கூத்து அந்த வழக்கில்தான் வெளிவந்தது. வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் படுக்கிறவன், ஒரு குடம் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிறவன், அவனுக்குச் சலவை இயந்திரம்! மின்சாரமும் குழாயும் இல்லாத கொட்டகையில் அதை எங்கே நிறுத்துவான்? நீதிபதிகளே மனம் கசந்து, இந்த லட்சோபலட்சம் மக்களுக்குச் சமூக நீதியும் கிட்டவில்லை, பொருளாதார நீதியும் கிட்டவில்லை, அடையாளத்துக்கு ஒரு நீதிதான் மிச்சம் என்ற கருத்தில் எழுதினார்கள்.

காவலுக்கு ஆள் இல்லையா? உண்டு. தாராளமாக உண்டு. 1996 சட்டப்படி வாரியத்தில் சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம். நிர்வாகச் செலவு மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கைத் தலைமைத் தணிக்கை அதிகாரி ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அந்த அறிக்கை சட்டசபையின் மேஜைக்கு வர வேண்டும். எழுத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் எழுத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் சக்தி வெளியே திரண்டு நிற்காவிட்டால், சட்டம் அலமாரியில் தூங்கும், பணம் பாங்கியில் தூங்கும். கண்காணிப்பு என்பது அதிகாரியின் பேனாவில் மட்டும் இருப்பதல்ல. உடையவன் கண் திறந்து பார்ப்பதே முதல் கண்காணிப்பு.

ஊரடங்கிய நாளில் உண்மை தெரிந்தது

2020 மார்ச் மாதம். நாடு முழுவதும் வேலை நின்றது. மார்ச் 24 அன்று மத்தியத் தொழிலாளர் மந்திரி எல்லா மாநிலங்களுக்கும் ஆலோசனை அனுப்பினார். செஸ் நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருக்கிறது, பதிவு செய்த கட்டடத் தொழிலாளர் சுமார் 3.5 கோடிப் பேர், அவர்கள் கணக்கில் பணம் போடுங்கள் என்றது அந்த ஆலோசனை.

அரிச்சுவடி தெரிந்தவனும் வகுத்துப் பார்க்கலாம். தலைக்கு ஏறக்குறைய 14,850 ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் கையிருப்பு வேறுபடும் என்பது வாஸ்தவம். ஆனாலும் தொழிலாளி கையில் விழுந்தது என்ன? தமிழ்நாட்டில் முதலில் அறிவித்தது 1,000 ரூபாயும் அரிசி பருப்பும். பதிவு இல்லாதவனுக்கு அந்தக் கணக்கில் அதுவும் இல்லை. 52,000 கோடி தன் பெயரில் கிடக்க, அதன் சொந்தக்காரன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வெறுங்காலோடு நடந்தான். இப்படியும் ஒரு பணக்காரனை உலகம் கண்டதுண்டா?

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2020 மே 5 அன்று கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா கட்டட முதலாளிகளைச் சந்தித்துப் பேசினார். உடனே, வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பும் ரயில்கள் வேண்டாம் என்று அவருடைய சர்க்கார் ரயில்வேக்குக் கடிதம் எழுதியது. நாடெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகே அது பின்வாங்கியது. தொழிலாளிக்குப் பணம் தர மாதக்கணக்கில் யோசிக்கும் நிர்வாகம், முதலாளிக்கு ஆள் குறைகிறது என்றதும் ஒரே நாளில் ரயிலை நிறுத்தத் துணிந்தது. யாருக்காக நிர்வாகம் வேகமாக ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லைக்கோட்டில் விழுந்த பள்ளம்

நமது வட்டாரத்துக்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. சட்டம் மத்தியச் சட்டம். வாரியமோ மாநிலத்துக்கு ஒன்று. ஜூஜூவாடிக்கு இப்பால் கட்டிய கட்டடத்தின் செஸ் சென்னைக்குப் போகிறது. அத்திப்பள்ளிக்கு அப்பால் கட்டியதன் செஸ் பெங்களூர் வாரியத்துக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே சில நிமிட பஸ் பயணம்.

ஊத்தங்கரைப் பக்கத்து சித்தாள் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் எட்டு மாதம் பெங்களூரில் செங்கல் சுமக்கிறாள். அவள் உழைப்பின் பேரில் வசூலான செஸ் கர்நாடக வாரியத்தில் சேர்கிறது. அட்டை வாங்கியிருந்தால் அது கிருஷ்ணகிரி மாவட்டத்து அட்டை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் என்ன ஆகும்? அங்கே போனால், “உன் பதிவு தமிழ்நாட்டில்” என்பார்கள். இங்கே வந்தால், “வேலை கர்நாடகத்தில், வேலைச் சான்று கொண்டு வா” என்பார்கள். சான்று தர வேண்டிய மேஸ்திரி அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டான். காண்டிராக்டருக்கு அவள் பெயரே தெரியாது. இரண்டு வாரியத்திலும் பணம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு உயிர் கிடக்கிறது.

இதே கதை இந்தப் பக்கமும் நடக்கிறது. ஓசூர்ச் சிப்காட்டில் கட்டடம் எழுப்பும் பீகார், ஒரிசா, வங்காளத் தொழிலாளியின் வியர்வையில் விளையும் செஸ் சென்னை வாரியத்தில் சேர்கிறது. அவர்களில் எத்தனை பேர் கையில் வாரிய அட்டை இருக்கிறது? தகரக் கொட்டகைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். முகவரி இல்லை, பாஷை தெரியாது, விண்ணப்பத்தை எழுதித் தர ஆளில்லை.

“வடக்கத்தியான் வந்து நம் கூலியைக் கெடுத்துவிட்டான்” என்று சிலர் தூபம் போடுகிறார்கள். பெங்களூரில் இதே வசவை நம் ஊர்க்காரன் கேட்டிருக்கிறான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. கூலியைக் கெடுப்பவன், அட்டையும் சங்கமும் இல்லாத ஆளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கும் முதலாளி. 1996 சட்டம் எந்த ஊர், எந்த பாஷை என்று கேட்கவில்லை. 18 முதல் 60 வயது, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை, இவ்வளவுதான் கேட்டது. சட்டத்தில் இல்லாத எல்லைக்கோட்டை நிர்வாகம் போடுகிறது. நாமும் அதையே நம் மனத்தில் போட்டுக்கொள்ளலாமா?

அவர்கள் சொல்லும் சாக்குகள்

“தொழிலாளர்கள் பதிவு செய்துகொள்வதில்லை, நாங்கள் என்ன செய்வது?” என்கிறார்கள். வரைபடத்துக்கு அனுமதி தரும்போது கட்டடம் எங்கே, செலவு எவ்வளவு என்று சர்க்காருக்குத் தெரிகிறது, செஸ்ஸும் வருகிறது. பணம் வாங்க இடம் தெரிந்தவர்களுக்கு, அந்த இடத்தில் வேலை செய்யும் ஆளைப் பதிவு செய்ய மட்டும் வழி தெரியாதா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இணையம் வேலை செய்யாத சேவை மையத்தின் வாசலில் சித்தாள் காத்துக் கிடக்க வேண்டும். அதிகாரி மட்டும் கட்டடத்துக்கு வரமாட்டார். இது என்ன நியாயம்?

“போலி உறுப்பினர்கள் நுழைந்துவிடுகிறார்கள், அதனால்தான் கெடுபிடி” என்கிறார்கள். போலி அட்டை இருந்தால் ரத்து செய்யட்டும், தடுக்க யாரும் நிற்கவில்லை. ஆனால் வேலை செய்யாதவனுக்கு வேலை செய்ததாகச் சான்று எங்கிருந்து வந்தது, அதில் கமிஷன் வாங்கியது யார் என்பதையும் விசாரிக்கட்டும். எலி புகுந்தது என்று களஞ்சியத்தையே பூட்டினால், பட்டினி கிடப்பது எலி அல்ல, விதைத்தவன்தான்.

“பணம் பத்திரமாக இருக்கிறது, வட்டி வளர்கிறது” என்பது மூன்றாவது சமாதானம். இடுப்பு ஒடிந்தவனுக்கு வட்டியால் என்ன லாபம்? மகளின் படிப்புக்குப் பணம் வேண்டிய ஜூன் மாதம் போய்விட்டால், பத்து வருஷம் கழித்து வரும் வட்டி அவளை மறுபடியும் பள்ளியில் சேர்க்குமா?

இருக்கும் பணத்தைத் தருவதில்லை. தர வேண்டிய பணத்தை ஒதுக்குவதில்லை

செஸ் நிதியில் பணம் இருந்தும் தருவதில்லை. முதியோர் பென்ஷனிலோ தருவதற்கே பணம் ஒதுக்குவதில்லை. விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு முதல் அது 1,200 ரூபாய். இதில் டில்லியின் பங்கு எவ்வளவு தெரியுமா? 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயது ஆனால் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007க்குப் பிறகு ஒரு பைசாகூட ஏறவில்லை. நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு டீக்கும் அது காணாது. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று பட்டியல் போட்டவர்களுக்கு மட்டும்.

இந்தச் சமூக உதவித் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்டில் 2022-23இல் ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். 2025-26இல் ஒதுக்கியதும் அதே 9,652 கோடி! மூன்று வருஷத்தில் அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, மருந்து ஏறியது. கிழவிக்கு ஒதுக்கிய தொகை மட்டும் ஏறவில்லை. கைநாட்டுப் பதிவாகவில்லை, மகன் பெயரில் நிலம் இருக்கிறது, வீடு ஓட்டு வீடு என்று தாலுகா ஆபீசில் ஏழைக் கிழவியைச் சல்லடையில் சலிக்கிறார்கள். செஸ் கட்டாத கோடீஸ்வரனைச் சலிக்க இந்தச் சல்லடை ஏன் வெளியே வருவதில்லை?

புதிய சட்டம்: ஆட்டுக்கு ஓநாய் காவல்

2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 1996 செஸ் சட்டத்தை விழுங்கிவிட்டது. இனிச் செஸ் எவ்வளவு என்பதைக் கட்டுகிற முதலாளி தானே மதிப்பிட்டுக் கட்டுவாராம்! சொந்த வீடு கட்டுபவருக்கு 10 லட்சம் வரை இருந்த விலக்கு 50 லட்சமாக உயர்ந்தது. அதிகாரி மதிப்பிட வேண்டிய காலத்திலேயே ஏய்த்தவர்கள், தாங்களே மதிப்பிடும்போது தர்மராஜாக்களாக மாறிவிடுவார்களா? 10 கோடிக் கூடம் ஏட்டில் 6 கோடிக் கூடமானால் 4 லட்சம் ரூபாய் நம் பையிலிருந்து போகும். வசூல் குறைந்தால், “நிதி இல்லை, உதவியைக் குறைக்கிறோம்” என்று நாளை அறிவிப்பு வரும். இன்றே விழித்துக்கொள்ளாவிட்டால், பன்னிரண்டணா எங்கே என்று கேட்க வேண்டிய இடத்தில், அந்த ஒரு ரூபாயே எங்கே என்று கேட்கும் காலம் வரும்.

நாம் கேட்பது என்ன?

பிச்சை கேட்கவில்லை. நம் கணக்கைக் கேட்கிறோம்.

1. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒவ்வொரு மாதமும் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு செஸ் வசூலானது, வாரியத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற பட்டியலைத் தொழிலாளர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் தமிழில் ஒட்ட வேண்டும். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தள்ளுபடியானது, காரணம் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2. சுப்ரீம் கோர்ட்டு 2018இல் உத்தரவிட்ட சமூகத் தணிக்கையைத் தொழிலாளர்கள் முன்னிலையில் நடத்த வேண்டும். 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம் கிராம சபைக்கே கணக்குப் பார்க்கும் உரிமையைத் தந்தது. மண் வெட்டியவன் கணக்குப் பார்க்க முடிந்ததென்றால் கல் சுமந்தவனாலும் முடியும்.

3. தமிழ்நாடு, கர்நாடக வாரியங்கள் இரண்டும் சேர்ந்து ஓசூரிலும் அத்திப்பள்ளியிலும் பதிவு அலுவலகம் திறக்க வேண்டும். எந்த மாநில அட்டை இருந்தாலும், விபத்து நடந்த இடத்தின் வாரியம் முதலில் பணம் தர வேண்டும். பிறகு இரண்டு வாரியங்களும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும்.

4. பதிவு அதிகாரி கட்டடத்துக்கு வர வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளியை அவன் பாஷை தெரிந்த ஆளை வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

5. செஸ்ஸை முதலாளியே மதிப்பிடும் ஏற்பாடு ரத்தாக வேண்டும். மத்திய சர்க்கார் முதியோர் பென்ஷனில் தன் 200 ரூபாய்ப் பங்கை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

கோரிக்கையை எழுதி வைத்தால் மட்டும் காரியம் நடக்காது. இந்த வாரமே தொடங்க வேண்டிய வேலை இருக்கிறது. ஆலைத் தோழர்களே! உங்கள் ஆலையில் புதிய கூடம் கட்டுகிறார்களா? செஸ் ரசீது எங்கே என்று உங்கள் சங்கம் கேட்கட்டும். பதில் வராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கட்டும். படிக்கத் தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொட்டகைகளுக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். விவசாயத் தொழிலாளத் தோழர்களே! பெங்களூர் போகும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்: மேஸ்திரியின் பெயர், கட்டடத்தின் பெயர், வேலை செய்த நாட்கள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். 90 நாள் கணக்குக் கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

செங்கல் மேல் செங்கல் வைத்து மாளிகை எழுப்பத் தெரிந்த கைகளுக்கு, கணக்குப் புத்தகத்தைத் திறக்கவும் தெரியும். பூட்டிய பெட்டிக்குள் கிடப்பது யாரோ போடும் தருமம் அல்ல. நம் கூலியின் ஒரு பங்கு. பெட்டியைத் திறக்கச் சொல்வோம்! பன்னிரண்டணாவுக்கும் கணக்குக் கேட்போம்!